முட்டிக்கு அறுவை, வயிற்றுக்குப் பயிற்சியா?

பதில்கள்: கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு பிசியோதெரபிஸ்ட்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முழங்கால் ஜவ்வைப் பற்றியவை. கபடிக் களம், ஸ்கூட்டர், கட்டுத்தரை, பள்ளி மைதானம் என்று கிழிந்த இடங்கள்தாம் வேறு வேறு. கிழிந்தது அநேகமாக ஒரே ஜவ்வு: முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் முன் ஜவ்வு. ஸ்கேன் சீட்டில் 'ஏ.சி.எல்.' என்று எழுதியிருப்பது அதைத்தான். அறுவை செய்துகொள்ளலாமா, வேண்டாமா என்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டேன். அது கத்தி பிடிப்பவர்களின் வேலை. தையல் பிரித்த பிறகு ஆளை நடக்க வைப்பது என் வேலை. அந்தக் கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எனக்கு 23 வயது. ஊர் அணியில் கபடி ஆடுகிறேன். பாடிப் போய்த் திரும்பும்போது ரப்பர் விரிப்பில் கால் மாட்டி இடது முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. பின்தொடையிலிருந்து நார் எடுத்து வைத்து அறுவை செய்தார்கள். 4 மாதம் ஆகிறது. பிசியோதெரபிக்குப் போனால் பாதி நேரம் வயிற்றுக்கும் இடுப்புக்கும்தான் பயிற்சி. முட்டியைச் சரி செய்யப் போனவனுக்கு வயிற்றில் என்ன வேலை? பணம் வீணாகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.
– விசைத்தறி வீட்டுப் பிள்ளை, பல்லடம்

பதில்: வீணில்லை தம்பி. உங்களுக்குப் பயிற்சி தருபவர் விவரம் தெரிந்தவர்தான். ஏன் என்று சொல்லாமல் பாயில் படுக்கப் போட்டுவிட்டார், அதுதான் உங்கள் கோபம்.

வீட்டில் ஆளுயரக் கண்ணாடி இருந்தால் அரைக்கால் சட்டையோடு அதன் முன்னால் நில்லுங்கள். இல்லையென்றால் யாரையாவது எதிரே நின்று செல்போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பிடிமானத்துக்கு ஒரு மேஜை இருக்கட்டும். முதலில் நல்ல காலில் மட்டும் நின்று, நாற்காலியில் உட்காரப் போவதுபோல மெதுவாகக் கால்வாசித் தூரம் இறங்கி எழுங்கள். அடுத்து இடது காலில். அப்போது என்ன நடக்கும் என்று இங்கே உட்கார்ந்துகொண்டே ஓரளவு சொல்லிவிடுவேன். வலது பக்க இடுப்பு கீழே சரியும். அதைச் சமாளிக்க மார்பு இடது பக்கம் சாயும். முட்டிச்சில்லு கால் கட்டைவிரலைத் தாண்டி உள்பக்கமாக நகரும். அந்த உள்சரிவும் அதோடு வருகிற திருகலும் சேர்ந்துதான் ஜவ்வைக் கிழிக்கின்றன. முட்டிக்கென்று தனிப்புத்தி கிடையாது. மேலே இடுப்பும் கீழே பாதமும் விட்ட வழியில் அது போகும். தறி வீட்டில் பிறந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவு ஒரு பக்கம் தளர்ந்திருக்கும்போது நாடாவைத் திட்டி என்ன பயன்?

இது வெறும் ஊகம் இல்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு வீரர்கள் 277 பேரைச் சோதித்தார்கள். அவர்களின் மேலுடம்பை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்துத் திடீரென்று விட்டு, அது எவ்வளவு தூரம் ஆடி நிற்கிறது என்று அளந்தார்கள். பிறகு 3 ஆண்டுகள் கண்காணித்தார்கள். அந்தக் காலத்தில் முழங்காலில் அடிபட்டவர்கள் 25 பேர். சோதனையில் மேலுடம்பு அதிகமாக ஆடியவர்களுக்கே முழங்கால் காயமும் அதிகமாக வந்திருந்தது. ஜவ்வுக் காயத்தை முன்கூட்டியே காட்டிக்கொடுத்ததில் பக்கவாட்டு ஆட்டத்துக்கு முதலிடம். 2007-இல் வெளியான ஆய்வு இது. கபடியில் நீங்கள் செய்வதும் அதுதானே? ஒருவர் கணுக்காலைப் பிடிக்கிறார், இன்னொருவர் இடுப்பில் மோதுகிறார். மேலுடம்பு எவ்வளவு சீக்கிரம் நிலைக்கு வருகிறதோ, முட்டி அவ்வளவு தூரம் பிழைக்கும்.

என்ன பயிற்சி என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வந்திருந்தால் இவற்றைத்தான் கொடுத்திருப்பேன். மல்லாந்து படுத்து முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜ். மல்லாந்த நிலையிலேயே இரு கைகளையும் இரு முட்டிகளையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டு, முதுகு தரையைவிட்டு எழும்பாமல், எதிரெதிர்க் கையையும் காலையும் மெதுவாக இறக்கி ஏற்றுவது. ஒருக்களித்து முழங்கையை ஊன்றி இடுப்பைத் தூக்கும் பக்கவாட்டு பிளாங்க். இதில் முதல் சில வாரங்கள் அறுவை செய்த கால் மேலே இருக்கட்டும், கீழே மாட்டி அழுந்த வேண்டாம். நான்கு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவதும் நல்ல பயிற்சி. ஆனால் முட்டிச்சில்லு தரையில் குத்தினால் போர்வையை நான்காக மடித்துக் கீழே போட்டுக்கொள்ளுங்கள். அப்படியும் வலித்தால் மேஜையில் கையூன்றி நின்றபடி செய்யுங்கள். எதைச் செய்தாலும் 8 முதல் 10 விநாடி பிடித்தால் போதும். விட்டு மறுபடி பிடியுங்கள். மூன்று நிமிடம் பிளாங்க் பிடித்து முகம் சிவந்து நண்பர்களுக்குப் படம் அனுப்புவது வேறு கலை, அதற்கும் கபடிக்கும் சம்பந்தம் குறைவு. மூச்சை அடக்காதீர்கள். பிடித்தபடியே சாதாரணமாகப் பேச முடிய வேண்டும்.

ஒன்றில் மட்டும் உங்கள் சந்தேகத்தின் பக்கம் நிற்கிறேன். பாதி நேரம் வயிறு என்றால் மீதிப் பாதி நேரம் தொடையாக இருக்க வேண்டும். அறுவைக்குப் பிறகு முன்தொடைத் தசை இளைத்துவிடும், தானாகத் திரும்பி வராது. இடுப்பு எவ்வளவு உறுதியாக இருந்தாலும் முன்தொடை தளர்ந்த காலோடு களத்தில் இறங்கக் கூடாது. ஓர் அளவு டேப்பை எடுத்து, முட்டிச்சில்லின் மேல்விளிம்பிலிருந்து 10 சென்டிமீட்டர் மேலே, இரண்டு தொடைகளின் சுற்றளவையும் அளந்து எழுதி வையுங்கள். சுற்றளவே பலம் ஆகிவிடாது. ஆனாலும் மாதத்துக்கு மாதம் அந்த இடைவெளி குறையவில்லை என்றால் உங்கள் பயிற்சியாளரிடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேச வேண்டும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறேன். வயது 38. ஸ்கூட்டர் சறுக்கியபோது வலது காலை ஊன்றினேன், ஜவ்வு போய்விட்டது. அறுவை முடிந்து 7 வாரம். வலி அறவே இல்லை. ஆனால் குளிக்கும்போது முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடினால் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்கிறது. இருட்டில் காலை எங்கே வைக்கிறேன் என்றே தெரிவதில்லை. அறுவையில் நரம்பு ஏதாவது வெட்டுப்பட்டிருக்குமா? மாலையில் முட்டி லேசாக வீங்குகிறது. அடுத்த வாரம் வேலைக்கு வரச் சொல்கிறார்கள்.

பதில்: காலில் மரத்துப்போன உணர்வோ, பாதத்தைத் தூக்க முடியாத நிலையோ இருந்தால்தான் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். தழும்பைச் சுற்றிக் கொஞ்சம் மதமதப்பு இருப்பது சாதாரணம். நீங்கள் சொல்வது வேறு, சகோதரி. முழங்கால் ஜவ்வு எலும்புகளைக் கட்டி வைக்கும் கயிறு மட்டும் இல்லை. அதற்குள் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்று நொடிக்கு நொடி மூளைக்குச் சொல்லிக்கொண்டிருந்தவை அவை. ஜவ்வு கிழிந்த அன்றே அந்தத் தகவலும் நின்றுபோனது. புதிதாக வைத்த நார் மூட்டைப் பிடித்துக்கொள்ளும், தகவல் சொல்ல இன்னும் பழகவில்லை. அதுவரை உங்கள் கண்கள்தான் காலைப் பார்த்துக்கொள்கின்றன. கண்ணை மூடினால் சாய்வது அதனால்தான்.

ஆகவே இப்போதைக்குக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள். முக்காலி வேண்டாம், முட்டி அதிகமாக மடங்கும். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் சிறிய விளக்கு எரியட்டும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு இன்னோர் அறுவையின் செலவை நினைவூட்டுவது என் வழக்கம்.

பயிற்சியை அடுப்படியிலேயே வைத்துக்கொள்ளலாம். சமையல் மேடையைப் பார்த்து, வெறுங்காலோடு, இரண்டு கைகளாலும் விளிம்பைத் தொட்டுக்கொண்டு வலது காலில் நில்லுங்கள். முட்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டிவிடாமல் ஒரு நூல் மடங்கியிருக்கட்டும். அடிவயிறு சற்றே உள்ளே இழுத்தபடி, இடுப்பு இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில். முதலில் பத்து விநாடி. பிறகு இரண்டு கைக்குப் பதில் ஒரு கை, ஒரு கைக்குப் பதில் ஒரு விரல். விரல் நுனி படுவது உடம்பைத் தாங்குவதற்கு இல்லை. ஆனாலும் அந்தத் தொடுகை மூளைக்கு எவ்வளவு தைரியம் தருகிறது என்பதை நீங்களே பார்ப்பீர்கள். விரலை எடுத்தும் 30 விநாடி அசையாமல் நிற்க முடிந்தால், தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்புங்கள். கண்ணை மூடுவது எல்லாவற்றுக்கும் கடைசி. அப்போதும் மேடை கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்க வேண்டும், அடுப்பு அணைந்திருக்க வேண்டும்.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்தான் எனக்குக் கவலை. எடுத்து வைத்த நாருக்கு முதலில் ரத்த ஓட்டமே கிடையாது. உடம்பு அதற்குள் புது ரத்தக் குழாய்களை அனுப்பி, பழைய செல்களை நீக்கிப் புதியவற்றை நிரப்பிக்கொண்டிருக்கும். இந்த வேலை மும்முரமாக நடக்கிற 6 முதல் 12 வாரத்துக்குள்தான் நார் மிகவும் பலவீனமாக இருக்கும். வலி போய், தைரியம் வந்து, நார் மட்டும் இளைத்திருக்கும் காலம் இது. நீங்கள் இப்போது அந்தக் காலத்துக்குள்தான் இருக்கிறீர்கள். மாலை வீக்கத்தையும் சும்மா விடாதீர்கள். மூட்டுக்குள் நீர் கோர்த்தால், முன்தொடைத் தசையைச் சுருங்க விடாமல் உடம்பே தடுத்துவிடும். வீங்கிய முட்டியோடு செய்கிற பயிற்சி பாதிதான் சேரும். வீக்கம் கூடிய நாளில் பயிற்சியைக் குறைத்து, துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். தலையணையை முட்டிக்கு அடியில் கொடுக்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் முட்டி மடங்கியே பழகி நேராக நீளாமல் போய்விடும். குதிகாலுக்கு அடியில் கொடுங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, முட்டி சிவந்து காய்ச்சல் வந்தாலோ ஐஸ் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் அன்றைக்கே அறுவை செய்த மருத்துவரிடம் போக வேண்டும்.

வேலை விஷயம். பெடல் மிதிக்கும் கால் எது என்று பாருங்கள். வலது காலால் மிதிப்பவர் என்றால் அடுத்த வாரமே போவது அவசரப்படுவதுதான். மருத்துவர் சம்மதித்தால் கொஞ்ச நாளைக்கு செக்கிங், மடிப்பு வேலை கேளுங்கள். அதிலும் ஷிப்ட் முழுக்க நிற்கிற வேலையாக இல்லாமல் உட்கார இடம் கேளுங்கள். மணிக்கு ஒருமுறை எழுந்து நான்கு அடி நடக்கலாம். கேட்க வாய் வராவிட்டால் மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கிக் கொடுங்கள். சூப்பர்வைசர்கள் சீட்டுக்கு மரியாதை தருவார்கள்.

கேள்வி: என் கணவர் முட்டி அறுவைக்குப் பிறகு தினமும் வயிற்றுப் பயிற்சி செய்கிறார். நானும் சேர்ந்து செய்தால் தொப்பை குறையுமா?
– ஈரோடு வாசகி

பதில்: குறையாது. இந்தப் பயிற்சிகள் தசையைப் பழக்குமே தவிர, அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கொழுப்பைக் கேள்வி கேட்காது. ஆனாலும் சேர்ந்து செய்யுங்கள். தனியாகச் செய்கிற ஆண்கள் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: நான் கோவையில் கணினி வேலை பார்க்கிறேன். அறுவை முடிந்து 3 மாதம். பேலன்ஸ் போர்டு, பாதி உருண்டைப் பந்து எல்லாம் இணையத்தில் விற்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். கெட்டித் தரையில் வெறுங்காலோடு ஒற்றைக் காலில் 30 விநாடி ஆடாமல் நிற்க முடிகிறதா? முடியவில்லை என்றால் ஆடும் பலகையின் மேல் நின்று என்ன கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்? முடிந்த பிறகு தலையணை ஒன்றைத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள், சுவர் அருகிலேயே இருக்கட்டும். அடுத்து அதன் மேல் நின்றபடி யாராவது பந்தைத் தூக்கிப் போட, பிடியுங்கள். பந்தைப் பிடிக்கிற அவசரத்தில் காலை மறந்துவிடுவீர்கள். மறந்தபோதும் கால் நிற்கிறதா என்பதுதான் பரீட்சை. இதெல்லாம் சலித்த பிறகு பலகை வாங்கலாம். தோட்டத்து வீட்டில் கயிற்றுக் கட்டில் இருக்கிறதே, அதன் மேல் நின்று பார்க்கலாமா என்று முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். வேண்டாம்.

கேள்வி: வயது 46. சென்னிமலைப் பக்கம் தோட்டம். மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடியதில் கால் பிசகி ஜவ்வு கிழிந்தது. அறுவையாகி 6 மாதம். சமதளத்தில் நன்றாக நடக்கிறேன். வரப்பில் நடந்தால் பயமாக இருக்கிறது. பால் கறக்கக் குத்தவைத்து உட்கார முடிவதில்லை. தைப்பூசத்துக்குச் சென்னிமலைப் படி ஏறுவதாக வேண்டுதல். ஏறலாமா?

பதில்: ஏறுவதைவிட இறங்குவதைப் பற்றித்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும், ஐயா. சென்னிமலைக்கு 1,320 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், நின்று நின்று போகலாம், முட்டி பொறுத்துக்கொள்ளும். இறங்கும்போது உடம்பின் எடை முழுவதையும் முன்தொடைத் தசை விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். முட்டிச்சில்லில் அழுத்தமும் அப்போதுதான் கூடும். தொடை களைத்தபின் வருகிற கடைசி இருநூறு படிகளில்தான் கால் மடங்கும்.

வீட்டு வாசற்படியில் சோதித்துப் பாருங்கள். அறுவை செய்த காலில் படி மேல் நின்று, நல்ல காலின் குதிகாலை முன்னே தரை வரை மெதுவாக இறக்கித் தொட்டு மறுபடி மேலே எடுங்கள். மூன்று எண்ணும் நேரம் இறங்க, மூன்று எண்ணும் நேரம் ஏற. 15 முறை, முட்டி உள்ளே சரியாமல், இடுப்பு ஒருபக்கம் விழாமல், மறுநாள் வீக்கம் இல்லாமல் செய்ய முடிந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். இறங்கி வருவதற்கு மலைப்பாதையில் வண்டி வசதி இருக்கிறது. ஏறுவதாகத்தானே வேண்டிக்கொண்டீர்கள்? முருகன் கணக்குப் பார்க்க மாட்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போங்கள். கால் தடுமாறும் இடத்தில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில். தைப்பூசத்தன்று நெரிசலில் பின்னால் வருகிறவர் தோளை இடித்தால் மேலுடம்பு ஆடும், அந்த ஆட்டம் நேராக முட்டிக்கு இறங்கும். வேறொரு செவ்வாய்க்கிழமை அதிகாலையில் ஏறிவிடுவது என் ஆலோசனை.

வரப்புக்குப் பயிற்சி வரப்பில் வேண்டாம். நெல்லோ மஞ்சளோ காயப் போடுகிற சிமெண்ட் களத்தில் ஒரு கோடு இழுத்து, குதிகாலும் நுனிவிரலும் தொட்டுக்கொள்ளும்படி அதன் மேல் நடங்கள். கண் பத்தடி முன்னால் இருக்கட்டும், காலைப் பார்க்கக் கூடாது. அது சரியாக வந்தபின் ஒரு கையில் பாதி நிறைந்த வாளியைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஒரு பக்கச் சுமைக்கு எதிராக நிமிர்ந்து நடக்கும்போது இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளுக்கு நல்ல வேலை. படுத்துச் செய்யும் பயிற்சி வராத வயதுக்காரர்களுக்கு நான் இதைத்தான் முதலில் கொடுக்கிறேன். பிறகு அகலமான வரப்பு, காய்ந்த வரப்பு. வாய்க்காலில் தண்ணீர் விட்ட அன்று வேண்டாம்.

பால் கறப்பது: மூட்டுக்குள் இருக்கிற மெனிஸ்கஸ் வட்டையும் சேர்த்துத் தைத்திருந்தார்களா என்று அறுவைச் சீட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். தைத்திருந்தால், மருத்துவர் சொல்லும்வரை குத்தவைக்கவே கூடாது. இல்லையென்றாலும் உயரமான முக்காலியில் தொடங்கி மெதுவாக இறங்கி வரலாம். ஆனால் உட்கார்ந்திருக்கும்போது மாடு நகர்ந்தால் உங்களால் சட்டென்று எழ முடியாது. அப்படி எழ முடிகிறவரை வீட்டில் வேறு யாராவது கறக்கட்டும்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. பள்ளி வாலிபாலில் குதித்து இறங்கும்போது ஜவ்வு கிழிந்து, அறுவை முடிந்து 7 மாதம் ஆகிறது. அதற்கு முன்பிருந்தே வள்ளி கும்மி கற்றுக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் எங்கள் ஊர்க் கோயிலில் அரங்கேற்றம். மருத்துவர் 9 மாதம் போகட்டும் என்கிறார். கும்மி ஆசிரியர், மெதுவாக ஆடட்டும் என்கிறார். பிள்ளை அழுகிறாள். நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு தாய், பெருந்துறை

பதில்: மருத்துவர் சொன்னதே என் பதிலும். ஏன் 9 மாதம் என்று அம்மிணிக்கு யாராவது சொன்னார்களா? அவளையே இதைப் படிக்கச் சொல்லுங்கள்.

கண்ணு, நார்வே, அமெரிக்க ஆய்வாளர்கள் உன்னைப் போல் ஜவ்வு அறுவை செய்துகொண்டவர்களைத் தொடர்ந்து கவனித்து, 2016-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். திரும்பிச் சுழன்று ஆடும் விளையாட்டுகளுக்குத் திரும்புவதை, 9 மாதம் வரைக்கும் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி முழங்காலில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதி பாதியாகக் குறைந்திருக்கிறது. அதே ஆண்டு வெளியான இன்னொரு தொகுப்பாய்வில், 25 வயதுக்குள் இருந்து விளையாட்டுக்குத் திரும்பியவர்களில் 23 சதவீதம் பேருக்கு ஜவ்வு மறுபடி கிழிந்திருந்தது, அறுவை செய்த காலிலோ நல்ல காலிலோ. நால்வரில் ஒருவர் என்று வைத்துக்கொள். கும்மியை யாரும் அந்த ஆய்வுகளில் சேர்க்கவில்லைதான். ஆனால் நீங்கள் குதித்துச் சுழன்று திரும்பும் அந்த அடியும் வாலிபாலில் உன் ஜவ்வைக் கிழித்த அசைவும் முட்டிக்கு ஒன்றேதான்.

மெதுவாக ஆடலாம் என்பதை நான் நம்பவில்லை. கும்மி பார்க்கப் போகிறவள் நான். பாட்டு வேகமெடுத்தால் வரிசையே வேகமெடுக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பும்போது ஒருத்தி மட்டும் நின்றால் பின்னால் வருகிறவள் வந்து மோதுவாள். இரவு நேரம், கோயில் மைதானத்து மேடுபள்ளம், வெறுங்கால், புடவைக் கொசுவம் பாதத்தை மறைக்கிறது. காலைக் கண்ணால் பார்த்துச் சமாளிக்கவும் வழியில்லை.

ஆனால் அடுத்த மாதம் முழுவதும் நீ அழுதுகொண்டிருக்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் கேட்டு, பாடுபவர்கள் பக்கத்தில் நின்று பாட்டையும் கைத்தாளத்தையும் எடுத்துக்கொள். ஒத்திகையில், சுழற்சியும் குதியும் இல்லாத அடிகளை மட்டும், பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொன்னபின், வரிசைக்கு வெளியே நின்று போடலாம். அப்படிப் போடும்போது ஒரு சொம்பில் விளிம்புக்கு ஒரு விரல் குறைவாகத் தண்ணீர் எடுத்து, இரண்டு கையாலும் மார்புக்கு நேரே பிடித்துக்கொள். முன்னே இரண்டு அடி, பின்னே இரண்டு அடி, பக்கத்தில் ஓர் அடி. தண்ணீர் தளும்பினால் எந்தக் காலை ஊன்றியபோது தளும்பியது என்று கவனி. அறுவை செய்த காலில் மட்டும் தளும்பும். அந்தப் பக்கத்து இடுப்பு இன்னும் உடம்பைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிரிட்ஜையும் பக்கவாட்டுப் பிளாங்கையும் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் கவனமாகச் செய்வாய்.

வாசலில் இன்னொரு சோதனை செய்யலாம், அம்மா அருகில் நிற்கட்டும். கோலமாவால் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து முன்னால் ஒரு கோடும், பின்னால் இடம் வலமாக இரண்டு கோடுகளும் இழு. புள்ளியில் ஒரு காலை ஊன்றி, இடுப்பில் கைவைத்து, மற்றக் காலின் நுனிவிரலால் முன்கோட்டில் எவ்வளவு தூரம் எட்ட முடியுமோ அவ்வளவு தூரம் தொட்டு, விழாமல் திரும்பி வா. தொட்ட இடத்தை அம்மா குறித்து அளக்கட்டும். பிறகு கால் மாற்று. பின்கோடுகளிலும் அப்படியே. முன்கோட்டில் இரண்டு காலுக்கும் வித்தியாசம் 4 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் இன்னும் வேலை பாக்கி. பள்ளிக் கூடைப்பந்து வீரர்களிடம் செய்த ஓர் ஆய்வில், இந்த வித்தியாசம் அதற்கு மேல் இருந்தவர்களுக்குக் காலில் அடிபடும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது.

தாயாருக்கு ஒரு வார்த்தை. 9 மாதம் முடிந்த மறுநாள் கதவு தானாகத் திறந்துவிடாது. முன்தொடைப் பலமும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் நல்ல காலோடு ஒப்பிட 90 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தாவும் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள், சிகிச்சை நிலையத்தில் செய்யச் சொல்லுங்கள். அதில் தேறினால் அடுத்த அரங்கேற்றத்துக்கு முதல் வரிசையில் நிறுத்துங்கள். கொங்கு நாட்டில் கும்மிக்கா பஞ்சம்?

கேள்வி: என் வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறார். ஜவ்வு அறுவை செய்து 5 மாதம் ஆகிறது. வண்டி வடமாநிலத்தில் நிற்கிறது, உடனே வா என்று கூப்பிடுகிறார்கள். முட்டிக்கு உறை போட்டுக்கொண்டு போகலாமா? அங்கே பயிற்சி செய்ய வசதி கிடையாது.
– திருச்செங்கோடு வாசகி

பதில்: உறையை நம்பி அனுப்பாதீர்கள், தங்கச்சி. முட்டிக்கு வெளியே போடுகிற உறை திருகலைத் தடுக்காது. ஓரளவு தைரியம் தரும், அந்தத் தைரியம்தான் பயம். ரிக் வேலை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். துளை போடும் இடத்தில் சேறு வழுக்கும், இரும்புக் குழாயை ஆளோடு ஆள் சேர்ந்து தூக்கித் திருப்ப வேண்டும், வண்டியில் ஏறி இறங்குவது கணக்கில்லை. 5 மாதத்தில் அந்த வேலை வேண்டாம். சமையல், டீசல் கணக்கு, ஓட்டுநருக்குத் துணை என்று ஏதாவது கிடைத்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

போனால் ஒரே ஒரு கட்டளை: வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. வண்டியைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து, அறுவை செய்த காலை முதலில் கீழே வைத்து இறங்க வேண்டும். குதித்து இறங்கியே பழகிய ஆட்களுக்கு இது கேவலமாகத் தோன்றும். தோன்றட்டும்.

வசதி இல்லை என்பதை ஏற்க மாட்டேன். தார்ப்பாய் விரிக்க ஆறடி இடம் கிடைத்தால் பிரிட்ஜும் பக்கவாட்டுப் பிளாங்கும் ஆயிற்று. வண்டியின் பக்கவாட்டைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கலாம், பல் துலக்கும் நேரம் அதற்குப் போதும். முதுகைச் சுவரில் சாய்த்து அரை நாற்காலியாக இறங்கி நிற்பது முன்தொடைக்கு. கிளம்பும் முன் பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போய், எதை எத்தனை முறை என்று தமிழில் எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வாரம் ஒருநாள் வீடியோ அழைப்பில் அந்த ஒற்றைக்கால் நிற்பை நீங்களே பாருங்கள், முகத்தைக் காட்ட வேண்டாம், இடுப்பிலிருந்து பாதம் வரை காட்டச் சொல்லுங்கள். ஊருக்கு வந்ததும் சிகிச்சை நிலையத்தில் காட்டுங்கள். வந்திறங்கிய அன்றைக்கே வேண்டாம். இரண்டு நாள் உட்கார்ந்தே வந்த முட்டி வீங்கியிருக்கும், அளவெல்லாம் தப்பாக வரும்.